நாயை யாருகிட்ட விட்டுட்டுப் போறது? - ஒரு ஆம்பூர்க்காரனின் அரைகுறை வரலாற்று ஆராய்ச்சி

பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. (நிம்மதியா இருந்தோம்னு யாரோ சொல்றது காதுல விழுது. விழாத மாதிரியே இருந்துக்கறேன் :-))

விஷயம் இதுதான். அம்மா அப்பாவைக் கொடைக்கானல் கூட்டிட்டுப் போகணும்னு மூணு வருஷமா எனக்கு ஆசை. அப்பா ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன்ல இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம், கருமாதி தவிர வெளியூர்ல தங்கினதே கிடையாது. ஒருவழியா லீவு வாங்கி, ரூம் போட்டு, அஞ்சு நாள் பிளானையும் எக்ஸல்ல போட்டுக் காமிச்சேன். அம்மா கடைசி வரைக்கும் பொறுமையா பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஜிம்மியை யாருடா பாத்துக்குவா?"

எக்ஸல்ல அந்த வரி இல்ல.

ஜிம்மி எங்க வீட்டு நாய். ஜாதி நாய் எல்லாம் இல்ல, சுத்தமான தெரு நாய் வம்சம். அஞ்சு வருஷம் முன்னாடி மழையில நனைஞ்சுகிட்டு வாசல்ல வந்து நின்னது, அதுக்கப்புறம் போகவே இல்ல. "நாய்தானேம்மா, பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போவோம்"னு வாய் வரைக்கும் வந்தது. சொல்லல. சொல்ல முடியாததுக்கு ஒரு காரணம் இருக்கு.

நான் எட்டாவது படிக்கும்போது எங்க வீட்டுல மணின்னு ஒரு நாய் இருந்தது. தர்மபுரியில மாமா கல்யாணம், நாலு நாள். ரெண்டு வீடு தள்ளி இருந்தவங்ககிட்ட அரிசியும் பால் காசும் கொடுத்துட்டுப் போனோம். மணிக்குக் கழுத்துல புண்ணு. அதனால அப்பா பெல்ட்டைக் கழட்டி ஆணியில மாட்டியிருந்தார். நாங்க பஸ் ஏறினதும் மணி கேட்டைத் தாண்டி எங்களைத் தேடிப் போயிருக்கு. அந்த வாரம் பார்த்து ஊருக்குள்ள நாய் பிடிக்கிற வண்டி வந்ததாம். வண்டியில போச்சா, பெங்களூர் ரோட்டுல லாரியில அடிபட்டுச்சா, இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நாங்க திரும்பி வந்தப்போ பெல்ட் மட்டும் ஆணியில தொங்கிட்டு இருந்தது.

அந்த வீட்டுக்காரங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். சோறு போடச் சொன்னோம், போட்டிருக்காங்க. காத்துக்கச் சொல்லலையே.

சரி, மேட்டருக்கு வருவோம். பொட்டி தட்டுறவன் ஒரு பிரச்சனை வந்தா முதல்ல என்ன பண்ணுவான்? இதுக்கு முன்னாடி யாராவது இதே பிரச்சனையில மாட்டியிருக்காங்களான்னு தேடுவான். நானும் தேடினேன். பிரச்சனை ரொம்பப் பழசு. விசேஷம் என்னன்னா, அதுல சில கேஸ் நம்ம ஊரைச் சுத்தியே நடந்திருக்கு.

கேஸ் 1: கோவிவன்

ஆம்பூர்ல இருந்து திருப்பத்தூர் வழியா செங்கம் பக்கம் போனா அது நடுகல் நாடு. மாடு பிடிக்க வந்தவனோட சண்டை போட்டுச் செத்தவனுக்கெல்லாம் கல்லு நட்டு, அதுல பேரும் சேதியும் எழுதி வச்சிருக்காங்க. எங்க ஆம்பூர்லயே பல்லவன் நிருபதுங்கன் காலத்து, அதாவது 9ஆம் நூற்றாண்டு நடுகல் உண்டு. அந்தக் கல்லுல ஊர் பேரு ஆமையூர். நுளம்பன் படை ஊர் மேல வந்தப்போ எதிர்த்து நின்னு செத்த வீரனைப் பத்தினது அது. இன்னிக்கு ஊர் முழுக்கத் தோலும் ஷூவும்னு இருக்கோமே, ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி அந்தத் தோல் உயிரோட மேய்ஞ்சுகிட்டிருந்தப்போ அதுக்காகவே இங்க ஆளுங்க வெட்டிக்கிட்டுச் செத்திருக்காங்க.

ஆனா நான் சொல்ல வந்த கல்லு திருவண்ணாமலை மாவட்டத்துல எடுத்தனூர்ல இருக்கு. 7ஆம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்ம பல்லவனோட 34வது ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தின்னு ஒரு வீரன், எருமைகளைக் காப்பாத்தப் போய்ச் சாகிறான். கல்லுல அவன் வில்லும் கையுமா நிக்கிறான், பக்கத்துல ஒரு நாய். அந்த நாய்க்குன்னு தனியா ரெண்டு வரி எழுதியிருக்கு. பேரு கோவிவன். ரெண்டு திருடனைக் கடிச்சுட்டு அங்கயே காவலா இருந்துச்சாம்.

யோசிச்சுப் பாருங்க. மாமல்லபுரத்துக் கோயில் செதுக்கின பல சிற்பிகளோட பேரே நமக்குத் தெரியாது. ஒரு நாயோட பேரு 1,400 வருஷமா கல்லுல நிக்குது. அந்தச் சேதியில எனக்குப் பிடிச்சது கடிச்சது இல்ல, காத்திருந்ததுதான். ஓனர் இனிமே வரமாட்டான்னு நாய்க்கு யார் சொல்றது?

கேஸ் 2: காளி

இது இன்னும் நம்ம ஏரியா. அரக்கோணம் பக்கம் தக்கோலம். இப்போ ராணிப்பேட்டை மாவட்டம், 2019ல பிரிக்கிற வரைக்கும் எங்க வேலூர் மாவட்டம்தான். 949ல இங்க ஒரு பெரிய போர் நடந்தது. ஒரு பக்கம் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், அவனுக்குத் துணையா கங்க மன்னன் பூதுகன். இன்னொரு பக்கம் சோழ இளவரசன் ராஜாதித்தன். யானை மேல இருந்தபடியே ராஜாதித்தன் செத்தான். யானை மேல் துஞ்சிய தேவர்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போமே, அவர்தான். அந்த அடியில இருந்து சோழ நாடு எந்திரிக்கப் பல வருஷம் ஆச்சு.

அந்தப் போர்ல பூதுகன் பக்கம் மணலேரன்னு ஒரு வீரன் பிரமாதமா சண்டை போட்டிருக்கான். ஜெயிச்ச சந்தோஷத்துல உனக்கு என்ன வேணும், கேளுன்னாங்க. பூதுகனுக்கு வனவாசி பன்னிரண்டாயிரம் மாதிரி மாகாணங்களே பரிசா வந்த நேரம் அது. நம்மாளு என்ன கேட்டான் தெரியுமா? "அந்தக் காளியைக் கொடுங்க." காளிங்கறது அரண்மனை வேட்டை நாய்! (ஊர்களும் மானியமா கிடைச்சது. ஆனா வாய் திறந்து கேட்டது நாயை.)

அப்புறம் ஒரு நாள் காட்டுப்பன்னி வேட்டை. பெரிய பன்னி ஒண்ணு மேல காளியை ஏவுறான். பன்னியும் செத்தது, நாயும் செத்தது. மணலேரன் நொறுங்கிப் போயிட்டான். கர்நாடகாவுல மண்டியா பக்கம் ஆதகூர்ங்கற ஊர்ல, சிவன் கோயிலுக்கு முன்னாடி காளிக்குக் கல்லு நட்டான். நாயும் பன்னியும் மோதுற சிற்பம், அதைச் சுத்தி தக்கோலப் போர் சேதி. சக வருஷம் 872, அதாவது கி.பி. 950. இப்போ அந்தக் கல்லு பெங்களூர் அரசு மியூசியத்துல இருக்கு. ராஜாதித்தன் எப்படிச் செத்தான்னு நம்ம வரலாற்று ஆசிரியர்கள் எழுதறதுக்கு ஒரு முக்கிய ஆதாரமே ஒரு நாயோட நினைவுக்கல்தான்!

இதுல ஒரு சாஃப்ட்வேர்காரனா நான் விசில் அடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. மணலேரன் கல்லை நட்டுட்டுச் சும்மா போகல. கல்லைப் பாத்துக்கறதுக்கு நிலம் எழுதி வச்சான். கோயிலைப் பாத்துக்கற குரவர் தினம் அந்தக் கல்லுக்குப் பூஜை பண்ணிட்டுத்தான் சாப்பிடணும். பண்ணாம சாப்பிட்டா பாவம் அவர் மேல வரும்னு எழுதி வச்சான். பட்ஜெட் ஒதுக்கியாச்சு, பொறுப்பான ஆளைச் சொல்லியாச்சு, வேலை என்னன்னு சொல்லியாச்சு, செய்யலன்னா தண்டனை என்னன்னும் சொல்லியாச்சு. எங்க கிளையண்ட்டு போடற அக்ரிமெண்ட்ல கூட இவ்வளவு தெளிவு இருக்காதுங்க.

நாங்க மணிக்காகப் போட்ட ஏற்பாட்டுல இருந்தது அரிசியும் பால் காசும் மட்டும்தான்.

கேஸ் 3: ஆர்கோஸ்

வெளிநாட்டு உதாரணம் இல்லாம பதிவு போட்டா மதிக்க மாட்டீங்களே :-) ஹோமரோட ஒடிஸில வர்ற ஆர்கோஸ். ஒடிஸியூஸ் தானே வளர்த்த நாய். டிராய் போருக்குப் போறான், திரும்பி வர 20 வருஷம் ஆகுது. வேஷம் மாத்திக்கிட்டு வர்றவனை மனுஷங்க யாருக்கும் அடையாளம் தெரியல. நாய் கண்டுபிடிச்சிடுது. ஆனா எங்க படுத்திருக்கு? வாசல்ல சாணிக் குப்பை மேல, உடம்பெல்லாம் உண்ணி. எந்திரிக்கத் தெம்பில்லாம வாலை மட்டும் ஆட்டிட்டுச் செத்துப் போகுது.

எல்லாரும் இதை நாயோட விசுவாசத்துக்கு உதாரணமா சொல்வாங்க. எனக்கு வேற ஒண்ணு தோணுது. அரண்மனை நிறைய வேலைக்காரங்க இருந்தும் நாயை ஏன் யாரும் பாத்துக்கல? எஜமான் இல்லைன்னதும் விட்டுட்டாங்க. ஓனர் கண்ணு முன்னாடி நாயைக் கொஞ்சறவங்க எல்லாம், அவன் ஊருக்குப் போனதும் அதே மாதிரி பாத்துக்குவாங்கன்னு நம்பக் கூடாது. கிட்டத்தட்ட 2,700 வருஷத்துப் பாடம்.

பெல்ட்டுக்கு ரெண்டு பக்கம்

எங்க ஊரை எல்லாரும் லெதர் பெல்ட்னு சொல்வாங்க. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தின காலத்துல இருந்து இன்னிக்கு ஷூ எக்ஸ்போர்ட் வரைக்கும் தோல்தான் சோறு. நாய்க்கும் பெல்ட்டுன்னுதான் சொல்றோம். பெல்ட் போட்டிருந்தா வீட்டு நாய், இல்லேன்னா தெரு நாய். அந்த அரை இஞ்ச் தோல்தான் நாய் விதியை முடிவு பண்ணும்.

தோலுக்கும் நாய்க்கும் இருக்கற பழைய உறவு கொஞ்சம் அசிங்கமானது. (சாப்பிட்டுட்டு இருக்கறவங்க அடுத்த பாராவுக்குத் தாவிடுங்க.) 19ஆம் நூற்றாண்டு லண்டன்ல தெருவுல நாய்ப்பீ பொறுக்கறதே ஒரு தொழில். மெல்லிசான தோலை மிருதுவாக்க டேனரிக்காரங்க அதைக் காசு கொடுத்து வாங்கினாங்க. ஹென்றி மேஹ்யூ 1851ல வந்த தன்னோட புஸ்தகத்துல இந்த ஏழைகளைப் பத்தி விவரமா எழுதியிருக்கார். 1907 வாக்குல ஆட்டோ ரோம்ங்கற ஜெர்மன் வேதியியல்காரர் ஆடு மாட்டோட கணையத்துல இருந்து எடுத்த நொதியே அந்த வேலையைச் செய்யும்னு கண்டுபிடிச்சப்புறம்தான் அந்தத் தொழில் ஒழிஞ்சது.

அதைவிட என்னை உலுக்கினது நம்ம சென்னை சமாச்சாரம். தெரு நாய்களைப் பிடிச்சுக் கொல்றது மெட்ராஸ்ல 1860லயே ஆரம்பிச்சதுன்னு ப்ளூ கிராஸ் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கார். 1970களோட ஆரம்பத்துல கொன்ன நாய்களோட எண்ணிக்கை எந்த அளவுக்குப் போச்சுன்னா, அந்தத் தோல்ல கழுத்து டையும் பர்சும் செய்யலாம்னு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் டிசைன் பண்ணுச்சாம். கழுத்துல பெல்ட் இல்லாத நாய், யாரோ ஒருத்தர் கழுத்துல டையா மாறுற கதை. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு மணி ஞாபகமாவே இருந்தது. மணி காணாம போன காலத்துல கொல்றது நின்னு போயிருந்தது, அது வரைக்கும் ஆறுதல்.

நிறுத்தினவங்களும் நம்மாளுங்கதான். கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் ரெண்டு பேருமே விமானிங்க. அவங்க ஆரம்பிச்சு 1964ல பதிவான அமைப்புதான் ப்ளூ கிராஸ். கொல்லாதீங்க, கருத்தடை பண்ணி, ஊசி போட்டு விடுங்கன்னு அப்போ இருந்தே சொல்லிட்டு இருந்தாங்க. சென்னை மாநகராட்சி அதை ஒத்துக்க 1996 ஆச்சு. 2001ல நாடு முழுக்க விதி வந்தது, 2023ல அதைப் புதுசா மாத்தி எழுதினாங்க.

இன்னொருத்தர் ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்ரா, பரதநாட்டியம்னு தெரியும். ராஜ்யசபால 1953ல மிருகவதைக்கு எதிரா தனிநபர் மசோதா கொண்டு வந்தவரும் அவர்தான். நேரு, அரசாங்கமே கொண்டு வரும்னு உறுதி கொடுத்ததால வாபஸ் வாங்கினார். 1960ல சட்டம் வந்தது. அதோட 11வது பிரிவுல ஒரு விஷயம் இருக்கு. தகுந்த காரணம் இல்லாம ஒரு மிருகத்தைப் பசியிலயோ தாகத்துலயோ தவிக்கிற நிலையில கைவிட்டுட்டுப் போறது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய் வரை. ஆம்பூர்ல அரை பிளேட் பிரியாணி கூட வராது. மணலேரன் போட்ட பாவமே பரவாயில்ல.

சரி, ஜிம்மிக்கு என்ன வழி?

சென்னையிலயும் பெங்களூர்லயும் காசு கொடுத்தா நாயைத் தங்க வச்சுப் பாத்துக்கற இடங்கள் நிறைய இருக்கு. ஒரு இடத்துல போய்ப் பார்த்தேன். ஏசி ரூம், வெப்கேம், தடுப்பூசி சர்டிபிகேட் கேட்டாங்க, எல்லாம் சரிதான். ஆனா ஜிம்மி பிறந்ததுல இருந்து நாலு சுவத்துக்குள்ள அடைபட்டது கிடையாது. கார்ல ஏத்தினாலே வாந்தி எடுக்கும். வேண்டாம்னு விட்டுட்டேன்.

கடைசியில அப்பாதான் வழி சொன்னார். எங்க தெரு முனையில இருக்கற டேனரியில ஒரு வாட்ச்மேன் தாத்தா. அங்க மூணு நாய்ங்க இருக்கு. தோல்ல இருந்து சுரண்டி எடுக்கற ஜவ்வு வாசனைக்கு வந்து ஒட்டிக்கிட்டதுங்க. ஜிம்மிக்கு அவரைத் தெரியும், அவருக்கும் ஜிம்மியைத் தெரியும்.

"அதுக்கு இன்னா தம்பி, நம்ம புள்ள மாதிரி பாத்துக்கறேன், போய்ட்டு வாங்க"ன்னார். மணலேரனை நினைச்சுக்கிட்டேன். அதோட விடல. ஆபீஸ்ல புராஜக்டை விட்டுப் போறப்போ அடுத்தவனுக்கு கேடி கொடுப்போமே, அதே மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவருக்குக் கண்ணு சரியா தெரியாதுன்னு பெரிய எழுத்துல.

1. சோறு காலை எட்டு, ராத்திரி எட்டு. தயிர் சாதம், ஒரு முட்டை. பிரியாணி எலும்பு, வெங்காயம் கூடவே கூடாது. (வேக வச்ச கோழி எலும்பு குடலைக் கிழிச்சிடும்.)
2. முதல் நாள் சாப்பிடாது, பயப்பட வேண்டாம். ரெண்டாம் நாளும் சாப்பிடலன்னா போன்.
3. நாங்க கிளம்பி ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கேட்டைத் திறக்கணும். (மணி சொல்லிக் கொடுத்த பாடம்.)
4. டாக்டர் நம்பர், ஊசி போட்ட அட்டை, ஆட்டோக்குத் தனியா 500 ரூபாய்.
5. அம்மாவோட பழைய புடவை ஒண்ணு. அதுமேல படுத்துக்கும்.
6. பெல்ட்டைக் கழட்டக் கூடாது. புண்ணு வந்தாலும் சொல்லிட்டுத்தான் கழட்டணும்.

போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ஒரு ராத்திரி அங்க தங்க வச்சு டெஸ்டிங்கும் பண்ணினோம். பாஸ்.

அந்த பெல்ட் அப்பா செஞ்சது. முப்பது வருஷம் ஷூவுக்குத் தோல் வெட்டின கை. வீட்டுல கிடந்த ஒரு துண்டை எடுத்து, ஓரம் மழிச்சு, உள்பக்கம் உறுத்தாம மெல்லிசா ஆட்டுத்தோல் வச்சுத் தைச்சு, என் மொபைல் நம்பரை ஒவ்வொரு எண்ணா ஆணியால அடிச்சு எழுதினார். ரெண்டு நாள் ஆச்சு. ஏம்பா, கடையில 200 ரூபாய்க்குக் கிடைக்குமேன்னேன். "அன்னிக்கு நான்தானடா கழட்டினேன்"னார். பதினஞ்சு வருஷமா அவர் மணியைப் பத்தி ஒரு வார்த்தை பேசினது இல்ல.

கொடைக்கானல் நல்லாத்தான் இருந்தது. அம்மா ஏரியைப் பார்த்ததை விட போனைப் பார்த்ததுதான் அதிகம். முதல் நாள் ஜிம்மி சாப்பிடல. ரெண்டாம் நாள் ரெண்டு முட்டை கேட்டுச்சாம். அஞ்சாம் நாள் சாயங்காலம் வந்து இறங்கினோம். ஜிம்மி ஓடி வந்து அம்மா மேல ஏறி, ஒரு சுத்து சுத்திட்டு, திரும்ப ஓடிப் போய் தாத்தா கால்கிட்ட உக்காந்துகிச்சு. அம்மாவுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு :-))

காசு கொடுத்தேன், வாங்கல. பழமும் சுவெட்டரும் மட்டும் வாங்கிக்கிட்டார். "நீங்க எப்ப தாத்தா ஊருக்குப் போனீங்க?"ன்னு பேச்சுக்குக் கேட்டேன்.

"எங்க தம்பி, மவ வூடு செய்யாறாண்ட கீது. நாலு வருசமா கூப்ட்டுகினே கீறா. இந்த மூணையும் வுட்டுட்டு எப்டி போறது? யாரு பாத்துக்குவா?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. ஒரு பக்கத்துக்கு கேடி எழுதினேன், எட்டு மணி, முட்டை, எலும்புன்னு எல்லாம் யோசிச்சேன். என் கேள்வியையே அவரும் நாலு வருஷமா கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கார்னு யோசிக்கல.

கருந்தேவக்கத்தி எருமைக்குக் காவல், கோவிவன் கருந்தேவக்கத்திக்குக் காவல். கோவிவனுக்கு அன்னிக்கு ராத்திரி யார் சோறு போட்டாங்கன்னு கல்லுல இல்ல.

பொங்கலுக்கு தாத்தா செய்யாறு போறார், நாலு நாள். டேனரியில பேசி ராத்திரி டூட்டிக்கு மாத்து ஆள் ஏற்பாடு பண்ணியாச்சு. மூணு நாயும் எங்க வீட்டு வாசல்ல. நான் வீட்டுல இருந்தே வேலை பார்க்கறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், காரணம் மட்டும் சொல்லல. அப்பா இப்போ திண்ணையில உக்காந்து மூணு பெல்ட்டுக்குத் தோல் வெட்டிக்கிட்டு இருக்கார். அதுங்க மூணுக்கும் இதுவரைக்கும் பேரு இல்ல. உங்களுக்கு ஏதாவது தோணினா சொல்லுங்க. ஒண்ணுக்கு மட்டும் கோவிவன்னு வைக்கப் போறேன், அது ஃபிக்ஸ் ஆயிடுச்சு.

டிஸ்கி: உங்க பக்கத்து வீட்டுக்காரங்க ஊருக்குப் போறப்போ நாயை உங்ககிட்ட விட்டுட்டுப் போனா, தயவுசெஞ்சு சோறு மட்டும் போட்டுட்டு வந்துடாதீங்க. கேட்டையும் ஒரு தடவை பாருங்க.